வீங்காத கை

1. வரிசையில் நின்ற நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். அங்கே பின்பக்கம் தனியாக ஒரு செஸ்ட் வார்டு. காசநோய்க்காரர்கள் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். அந்த வார்டுக்கு டியூட்டி போட்டால் போதும், ஆளாளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

இந்தத் தகராறு தாங்காமல் செஸ்ட் டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். நர்சுகள், ஆயாக்கள் எல்லோருக்கும் மாண்டூ டெஸ்ட் என்று உத்தரவு போட்டார். முன்கையின் தோலில் ஒரு சொட்டு மருந்தை ஊசியால் ஏற்றி, மூன்று நாள் கழித்துப் பார்ப்பதுதான் டெஸ்ட். காசநோய்க் கிருமி எப்போதோ உடம்புக்குள் போயிருந்தால் அந்த இடம் தடித்து வீங்கும். கிருமி உள்ளே இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், வியாதி வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதை அவர் எங்களுக்குப் பலமுறை சொன்னார். எங்கள் காதில் ஏறியதுதான் கொஞ்சம்.

மூன்றாம் நாள் காலை வரிசையில் நின்றோம். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். அதனால் டாக்டர் முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேலை வைப்பார். பாண்டி பஜாரில் புடவைத் துணி பார்ப்பவர் மாதிரி இருக்கும். என் கையில் இட்லியில் பாதி அளவுக்கு வீக்கம். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கும் அப்படித்தான். என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

"உள்ளே கிருமி தூங்குது சரோஜா. நீங்க நல்லா சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டா அதுபாட்டுக்குத் தூங்கிக்கிட்டே இருக்கும்."

வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. மாமியார் காதுக்குப் போனால் அன்றைக்கே எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர்.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கைதான் தட்டையாக இருந்தது. அது பிலோமினாவுடையது. சாந்தோம் பெண், என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவள், என் உயிர்த்தோழி. மற்றவர்கள் வயிறெரிந்தார்கள். நானும்தான்.

அதை வைத்து டாக்டர் டியூட்டி பிரித்தார். கை வீங்கியவர்கள் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, நுரையீரல் சுத்தமாக இருந்தால் செஸ்ட் வார்டுக்குப் போக வேண்டும். கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களுக்குப் புதிதாக ஒட்டாது என்பது அன்றைய நம்பிக்கை. வீங்காதவளுக்கு எக்ஸ்ரே எதற்கு? பிலோமினா எக்ஸ்ரே இல்லாமலே குழந்தைகள் வார்டுக்குப் போனாள்.

2. பெல்ட்

பிலோமினாவுக்கு அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்து கல்யாணம். மாப்பிள்ளை அந்தோணி, அடையாறில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் நிச்சயமான கல்யாணம்.

அப்போது நர்ஸ் யூனிஃபாரத்துக்கு மேல் இடுப்பில் பெல்ட் போடுவோம். பிலோமினாவின் பெல்ட் தளர்ந்துகொண்டே வந்தது. கத்தரிக்கோல் முனையால் அவளே புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்காக இளைக்கிறாள் என்று கேலி செய்தோம். சாயங்காலமானால் கன்னம் சிவந்தது, அதைக் கல்யாணக் களை என்றோம். இருமினாள், பினாயில் நெடி என்று அவளே சொன்னாள். தினமும் செஸ்ட் வார்டில் இதே மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்தான் இப்படிப் பேசினோம். கை தட்டை என்ற ஒன்றே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

ஒருநாள் டியூட்டி முடிந்து உடை மாற்றும்போது எதற்கோ அவள் கையைப் பிடித்தேன். சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஜுரம். தினமும் சாயங்காலம் வருகிறதா என்று கேட்டேன். அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். நாளைக்கே எக்ஸ்ரே எடு என்றேன்.

"கல்யாணம் முடியட்டும் சரோ. இப்ப எக்ஸ்ரே ரூமுக்குப் போனாலே ஊரெல்லாம் பேசும். அவங்க வீட்ல நிறுத்திடுவாங்க."

"அதுவரைக்கும் குழந்தைங்க மேல இருமிக்கிட்டு இருப்பியா?"

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. நான் டாக்டரிடம் சொன்னால் இவள் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் இவளே இருக்கமாட்டாள். அந்த வார்டில் பால் குடிக்கிற குழந்தைகள் வேறு. மறுநாள் காலை நேராக டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. ஆனாலும் அவளைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுக்க வைத்து, ஃபிலிம் ஈரம் காய்வதற்குள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது பக்கம் மேலே நிழல். சளியிலும் கிருமி இருந்தது. அப்படியானால் கை ஏன் வீங்கவில்லை என்று கேட்டேன். "வீங்கறதுக்கும் உடம்புல தெம்பு வேணும். அதுகூட இல்லாம இருந்திருக்கா. எனக்குத் தோணியிருக்கணும்" என்றார்.

குழந்தைகள் வார்டில் இருந்தவர்கள், வீட்டுக்குப் போய்விட்டவர்கள் எல்லோரையும் வரவழைத்துப் பார்த்தோம். சிலருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, யாரும் படுக்கையில் விழவில்லை.

3. அம்மா கேட்டது

பிலோமினா செஸ்ட் வார்டிலேயே ஓரக் கட்டிலில் நோயாளியாகப் படுத்தாள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தினமும் போட வேண்டும், பெரும்பாலும் நான்தான் போட்டேன். ஊசிக்குத் திரும்பிப் படுப்பாள், அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அவள் அம்மா தையல் மெஷின் மிதித்து அவளைப் படிக்க வைத்தவர். ஒருநாள் வார்டு வாசலில் என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

"உன் கை வீங்குச்சு, நீ ஜம்முனு வேலை பார்க்கிற. என் பொண்ணு கை சுத்தமா இருந்துச்சு, அவளைக் கட்டில்ல படுக்க வெச்சுட்ட. கல்யாணம் நின்னுபோச்சு. உனக்கு இப்ப நெஞ்சு குளுந்துதா?"

கிருமி வேறு, வியாதி வேறு என்று வகுப்பெடுக்கும் நேரமா அது? ட்ரேயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

4. அந்தோணி

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தார். நேராகப் பிலோமினாவிடம் போகவில்லை, என்னைத் தேடி வந்தார்.

"வூட்ல வேணாங்கறாங்க சிஸ்டர். நான் இன்னா பண்றது? அவளைக் கட்டிக்கினா எனக்கும் வந்துருமா?"

ஏற்கெனவே வெந்து போயிருந்த எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு மட்டும் உள்ளே இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன். தான் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்தவன் இல்லை என்றார். சரி, வாருங்கள் என்று டாக்டரிடம் அழைத்துப்போய் அவருக்கும் மாண்டூ போட வைத்தேன்.

மூன்றாம் நாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "இன்னா சிஸ்டர் இது, பன்னு மாதிரி ஊதிக்கீது" என்றார். டாக்டர் அளந்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், நுரையீரல் சுத்தமாக இருந்தது. பஸ்ஸில், சினிமாக் கொட்டகையில், டீக்கடையில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும், இந்த ஊரில் பாதிப்பேருக்கு உள்ளே இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பிலோமினா ஊசியும் மாத்திரையும் முழுசாக எடுத்துக்கொண்டால் குணமாகிவிடுவாள், அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளத் தடையில்லை என்றார்.

அந்தோணி வெளி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வார்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். நான் உள்ளே ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் உள்ள கீது பிலோ. எனக்குத் தூங்கினு கீது, உனக்கு முழிச்சிக்கிச்சு. அவ்ளோதான். நீ ஊசியப் போட்டுக்கினு எழுந்து வா. வூட்ல நான் பேசிக்கிறேன்."

பிலோமினா சுவரைவிட்டுத் திரும்பினாள். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து, "சரோ, தண்ணி குடு" என்றாள்.

ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தது. அந்தோணி வீட்டில் பாதிப்பேர் வரவில்லை. வேலைக்கும் திரும்பி வந்தாள். அதற்குள் டாக்டர் விதியை மாற்றியிருந்தார். கை வீங்கினாலும் வீங்காவிட்டாலும் எக்ஸ்ரே, மாதாமாதம் எடை, இருமல் இருக்கிறதா என்ற கேள்வி.

இப்போது வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கை வீங்கினால் கலங்காதீர்கள். எனக்கு வீங்கியது, இன்றுவரை ஒன்றும் இல்லை. கை வீங்கவில்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவளின் முகத்தைப் பாருங்கள், உடம்பைப் பாருங்கள். தெரிந்தால் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

பிலோமினாவின் அம்மா கல்யாணத்தில்கூட என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் கடைசிவரை பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் கண்ணை மூடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயில் தண்ணீர் விட மகள் இருந்தாள்.