மூக்கால் தணிந்த தாகம்

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், கடும் காய்ச்சலில் விழுந்து எழும்பிய பிறகுதான் எனக்கு அந்தத் தாகம் பிடித்தது. கெலிஓயாவில், எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில், ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர் குடிப்பேன். குடித்ததெல்லாம் அப்படியே சிறுநீராகப் போய்விடும். ஓரிடத்தில் உட்கார முடியாது. கண்டிக்கு ரயில் ஏறினாலும் மடியில் தண்ணீர்ப் போத்தல் வேண்டும்.

சலரோகம், அதாவது சீனி வருத்தம் என்றார்கள். சோதித்தால் சிறுநீரில் சீனியே இல்லை. கண்டியிலிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர்தான், மூளைக்கு அடியிலுள்ள சின்னச் சுரப்பி ஒன்று பழுதாகிவிட்டது என்றார். மிருகத்தின் அதே சுரப்பியைக் காயவைத்து இடித்த தூள் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்தார். அதை மூக்கில் உறிஞ்ச வேண்டும்.

“எந்த மிருகத்துட?” என்று கேட்டார் என் கணவர்.

“மாட்டின்ர. பன்றி இல்லை, பயப்பிடாதேங்கோ.”

முதல் சிட்டிகை தும்மலில் போயிற்று. இரண்டாவது நின்றது. டாக்டரின் அறைக்கு வெளியே, வாங்குப் பலகையில் காத்திருந்தேன். ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால், மடியிலிருந்த போத்தலில் தண்ணீர் குறையவே இல்லை. அழுதுவிட்டேன்.

நோன்பு மாதம் வந்ததும் மனம் குழம்பியது. மூக்கில் போட்டது மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் நோன்பு முறியும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

“இந்தத் தூள் மூளைக்கிப் போகுமா?”

“ரத்தத்தில சேருது எண்டுதான் நினைக்கிறம். மூளைக்குப் போகாதெண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது, பிள்ளை.”

விடியுமுன் தூளை உறிஞ்சிவிட்டு நோன்பு பிடித்தேன். நடுப்பகல் லுஹர் தொழுகை வரை தாங்கியது. பகலில் மறுபடி தூளை உறிஞ்சத் துணியவில்லை. பிறகு அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஈரத்துணியை உதட்டில் ஒற்றினேன்; அதுவும் குற்றமோ என்று எறிந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடையிலிருந்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்தார்.

“குடி. நோயாளிக்கி அல்லாஹ் சலுகை தந்தீக்கிறான். நோம்புக்குப் பகரமா ஏழைக்கி சாப்பாடு குடுப்பம்.”

“தூள்?”

“அதயும் போடு. உசிர விட வாணாம்.”

குடித்தேன். உயிர் வந்தது, வெட்கமும் வந்தது. அதன்பின் நான் நோன்பு பிடிக்கவில்லை. மூக்கு எப்போதும் எரியும். கப்பல் பிந்தினால் தூள் தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருப்பேன். வீட்டார் நோன்பு திறக்கும் நேரங்களில், கஞ்சியைப் பரிமாறிவிட்டு, அவர்களோடு உட்காராமல் அடுப்படியில் எதையாவது கழுவிக்கொண்டு நிற்பேன்.