ஆற்றுக்குத் தாழ்ப்பாள் போட்ட வீடு

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கத்தான் அந்தத் தையல்கடைக்குள் முதலில் நுழைந்தேன். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் வரலாற்றில். அந்த ஆற்றோர ஊரின் பழைய வீடுகளைப் பற்றி நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அந்த மிதப்போடுதான் நடந்துகொண்டிருந்தேன்.

படகுத்துறைத் தெருவின் அழகே அதன் வாசல்கள்தான். ஒரு காலத்தில் சரக்குப் படகுகளைப் பின்வாசலில் கட்டி, மூட்டைகளை நேரே முன்பக்கக் கடைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். அதனால் எல்லா வீட்டிலும் முன்கதவும் பின்கதவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு சட்டம் போட்ட படம்போல ஆறு தெரியும். முன்பக்கத்தில் அந்தத் தையல்கடையை நடத்திய டெய்லரக்கா வீட்டில் மட்டும் பின்வாசல் இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது.

"ஏங்க்கா, இங்க மட்டும் அடைச்சிட்டீங்க?"

"கால மேல தூக்கி வச்சுக்கிட்டே எவ்வளவு நாள் தைக்கிறது, தம்பி?" என்றார்.

வெள்ளம் ஏறினால் இரண்டு கதவையும் திறந்துவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். தண்ணீர் பின்னால் நுழைந்து முன்னால் போய்விடும், சுவர் தப்பும். அக்கா கல்யாணமாகி வந்த வருடம் அப்படித்தான் விட்டார்கள். சேற்றைக் கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தவர், மிதிபலகையில் வெறுங்காலை வைத்தது ஒரு பாம்பின்மேல். கடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறு இரைந்தாலே அவருக்குக் கால் கூசும். லாரி ஓட்டும் கணவர் வெளியூர் போயிருந்தபோது கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றி அடைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் படகுக்காரர், "ஆத்துக்கே தாப்பா போட்ட மகராசி" என்று போகும்போதும் வரும்போதும் சொல்வாராம்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். எல்லா வீடுகளின் வழியாகவும் ஆறு வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டுத் தரை மட்டும் காய்ந்திருந்தது. நான் பின்சுவரின் அருகே போய்ப் பார்த்தேன். செங்கல் இடுக்குகளில் நீர் வியர்வைபோலக் கசிந்தது. என் கண்ணெதிரே மூலையில் ஒரு விரிசல் கிளம்பி மாடியை நோக்கி ஓடியது. மாடியில் இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார் அக்காவின் மாமனார். அந்த ஒடுங்கிய மரப்படியில் அவரைத் தூக்கி இறக்க முடியாது.

படகுக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றார். முகத்தில் கிண்டல் இல்லை.

"ஒடைச்சு விடு, தங்கச்சி. அந்தப் பக்கம் இடுப்பளவு நிக்குது."

"மாட்டேண்ணே. உள்ள வந்துரும்."

"வரத்தான் போகுது. வாசல் வழியா வரட்டுமா, சுவரத் தள்ளிக்கிட்டு வரட்டுமா, அத மட்டும் சொல்லு."

"கீழ என்னம்மா சத்தம்?" என்று மாமனார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. கொத்து வேல." என்றார் அக்கா.

படகுக்காரரும் நானும் விரிசலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துத் தோளால் அழுத்தினோம். எனக்கு நீச்சல் தெரியாது. கடப்பாரைக்கு மிச்சமிருந்தது அக்காவின் கைகள்தான். அவர் துணி வெட்டும் மேசையை அடைத்த வாசலின் ஓரமாக இழுத்து, கடப்பாரையோடு அதன்மேல் ஏறி நின்றார்.

"மேலேருந்து ஒவ்வொரு கல்லா எடு. அடியில கை வச்சிடாத" என்றார் படகுக்காரர்.

கற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இடைவெளியில் ஆறு பழுப்பாக எட்டிப் பார்த்தது. முதலில் வழிந்தது. பிறகு மீதிச் சுவரைத் தானே தள்ளிக்கொண்டு வந்தது. மெஷின் சாய்ந்தது. துணிகள் தெருவாசல் வழியே மிதந்து போயின. என் சட்டைதான் முதலில். தோளில் இருந்த கனம் மெல்லக் குறைந்தது. விரிசல் அதற்குமேல் ஓடவில்லை.

அக்கா மேசைமேல் குந்தி, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"பாம்பு வருதா பாரு, தம்பி."

"இல்லக்கா" என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

டெய்லரக்கா இப்போதும் அதே வீட்டில்தான் தைக்கிறார். மாமனார் மாடியில் இருக்கிறார். பின்வாசலில் பழையபடி கதவு இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். தினமும் காலையில் மெஷினில் உட்காரும் முன், மிதிபலகையை ஒரு குச்சியால் தட்டிப் பார்க்கிறார்.