பாட்டு டீச்சரின் ஓலை

வேறு சபையில் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவரை மணக்க விரும்பும் கத்தோலிக்கர், முன்கூட்டியே ஆயரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். நியாயமான காரணம் இருந்தால் ஆயர் அனுமதி கொடுக்கலாம். ரோமாபுரிக்கு எழுத வேண்டியதில்லை. பங்குத்தந்தையின் பரிந்துரை, இருவரின் திருமுழுக்குச் சான்றுகள், கத்தோலிக்கர் கையெழுத்திட்ட ஒரு வாக்குறுதி, இவ்வளவு போதும். ஒழுங்காகக் கட்டிய கோப்பு என்றால் சில நாட்களில் திரும்பி வந்துவிட வேண்டும். நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் அல்ல. ஆனால் விதி என்று அச்சிட்டுக் கொடுத்தால் எந்த மதத்தின் விதியானாலும் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவேன். கல்வித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, திண்டுக்கல்லில் ஒரு கிறிஸ்தவச் சமூகம் நடத்திய கலைப்பள்ளியின் அலுவலகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். இந்தக் கோப்பு அப்போது என் மேசைக்கு வந்தது. மணமக்கள் இருவரும் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள். மணமகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மணமகள் அந்தக் கல்வியாண்டிலேயே ஓய்வு பெற இருந்தார்.

மணமகன் ஓவிய ஆசிரியர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. வகுப்பில் ஒரு மண்சட்டியையும் இரண்டு கத்தரிக்காயையும் மேசைமேல் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாணவர்களின் முதுகுப்பக்கமாக நடப்பார். ஒருமுறை ஒரு பெண் சட்டிக்கு அழகாக ஒரு மூடியும் சேர்த்து வரைந்துவிட்டாள். அவர் அவள் அருகில் நின்று வெகுநேரம் பார்த்தார். “மூடி எங்க இருந்து வந்துச்சு தாயி?” என்றார். “சும்மா வச்சேன் சார், நல்லாருக்கும்ல.” “நல்லாருக்கு. ஆனா அங்க இல்லையே.” அந்தப் படத்துக்கு அவர் மதிப்பெண் போடவில்லை. அவருடைய ஓவியக் கொள்கை முழுவதும் அதற்குள் அடக்கம். நான் மேல்முறையீட்டுக்கு இடமுண்டா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றார்.

மணமகள் பாட்டு டீச்சர். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். பள்ளி விடுதியின் ஓரத்தில் ஆசிரியர்களுக்கென்று இருந்த ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார். குரலில் கண்டிப்பு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பள்ளியில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கோயிலில் கீபோர்டு வாசிப்பது அவர், வளைவுக்குத் தெர்மாகோலில் பெயர் வெட்டி ஒட்டுவது ஓவிய ஆசிரியர் என்பது நான் போவதற்கு முன்பே ஏற்பட்டிருந்த வழக்கம். முதல்நாள் மாலை இவர் கீபோர்டைச் சரிபார்ப்பார், அவர் ஏணியில் நின்று எழுத்துகளை ஒட்டுவார். “மூணாவது எழுத்து சாஞ்சிருக்கு” என்று இவர் வாசித்துக்கொண்டே சொல்வார். அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஏறிச் சரிசெய்வார். ஊரார் கல்யாணங்கள் பலவற்றின் முதல்நாள் மாலைகளில் இந்தச் சம்பந்தம் பேசி முடிந்திருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் போனது. விடுப்பு விண்ணப்பத்தில் எழுத்து மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற எனக்கும் தெரியவில்லை.

தெரிந்த அன்று ஆசிரியர் அறையில் நல்ல கூத்து. சாணார்பட்டியிலிருந்து வரும் நடன ஆசிரியைக்குத்தான் வாய் நீளம். “ஏன் சார், ஒங்க கல்யாணத்துக்கு நீங்களே ஏணியில ஏறி தெர்மாகோல் ஒட்டுவீகளா? டீச்சரு மாலையக் கழட்டி வச்சுட்டு கீபோர்டு வாசிப்பாகளா?” ஓவிய ஆசிரியர் டீயைக் குடித்தார். பாட்டு டீச்சர் மட்டும், “நீ ஆடுவேல்ல, அது போதும்” என்றார். சிரிப்பு அடங்கியபின் நடன ஆசிரியை கொஞ்சம் அக்கறையோடு கேட்டார். “எதுக்குக்கா இம்புட்டு அலைச்சல்? ரிஜிஸ்டர் ஆபீசுல ஒரு கையெழுத்து. செத்த நேர வேலை.”

அந்தக் கேள்வியை நானும் கேட்டிருந்தேன். சட்டப்படி அது சரியான வழி, மலிவும் கூட. பாட்டு டீச்சர் எனக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னார். இரண்டு சபையிலும் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனை நடுவில் பெயர் சொல்லி அறிவிப்பது. “நான் சின்னப் பிள்ளையில ஆர்மோனியத்துக்கும் பெறகு கீபோர்டுக்கும் பின்னாடி உக்காந்து அடுத்தவுக பேர வாசிக்கறதக் கேட்டுட்டே இருந்திருக்கேன். எங்கிட்டப் பாட்டுப் படிச்ச பிள்ளைக பேரு, அதுக பிள்ளைக பேரு. எம்பேரு ஒரு தடவ வாசிக்கட்டும். தடை சொல்றவன் எந்திரிச்சு சொல்லட்டும். ரிஜிஸ்டர் ஆபீசுல எம்பேரு யாரு காதுல விழும்?”

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. ஓய்வு பெற்றவர் அந்த மாதக் கடைசிக்குள் பள்ளி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது பள்ளியின் விதி. அதற்குள் கல்யாணம் நடந்தால் நேராகக் கணவர் வீட்டுக்குப் போகலாம். நடக்காவிட்டால் செம்பட்டியில் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். தம்பி தேங்காய் வியாபாரி, நல்லவர், அக்காவுக்காக மாடியில் ஓர் அறையே கட்டி வைத்திருந்தார். டீச்சருக்குப் பயம் அந்த அறையின்மேல். “அங்க ஏறுனேன்னா எறங்க விடமாட்டான் சார். பாசத்துலயே வச்சுப் பூட்டிருவான்.” தம்பி ஒருநாள் அலுவலகத்துக்கே வந்தார். “அக்கா, இம்புட்டு வருசம் தனியா இருந்துட்ட, இப்பப் போயி என்ன? ஊருல சிரிக்க மாட்டாகளா?” என்றார். டீச்சர், “சிரிக்கட்டும்டா, கல்யாண வீடுன்னா சிரிக்கத்தானே செய்வாக” என்றார்.

கோப்பை நானே கட்டினேன். டீச்சரின் சபைப் போதகர் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்க டீச்சர அங்க கூட்டிட்டுப் போயி மாத்திர மாட்டீகளே?” என்று என்னைக் கேட்டார். என்னைப் பார்த்து ஏன் கேட்டார் என்று தெரியவில்லை, ஆனால் மாற்றமாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். எல்லாம் சேர்ந்தது. வாக்குறுதிப் படிவம் மட்டும் பாக்கி. பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று அதில் ஒரு வரி உண்டு. அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து மட்டும் போட வேண்டும், வேறெதையும் தொடக்கூடாது என்று ஓவிய ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்லி, பங்குத்தந்தையிடம் அனுப்பினேன். அவர் அங்கே போய், பேனாவை எடுத்து, அந்த வரியை அளவுகோல் வைத்தாற்போல் நேராக அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார். அதை எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான்.

பங்குத்தந்தை உறையை ஒட்டும்போது அதைக் கவனிக்கவில்லை. ஆயர் இல்லம் கவனித்தது. அடித்தல் திருத்தல் உள்ள வாக்குறுதி செல்லாது என்று கோப்பைத் திருப்பியது. அது சரியான நடவடிக்கை. நான் அங்கே இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். பங்குத்தந்தை அவரை வரச்சொன்னார். நானும் கூடப் போனேன்.

“அது எல்லாருக்கும் அச்சடிக்கிற ஃபாரம்ப்பா. ஒனக்குன்னு தனியாவா அடிப்பாக? கையெழுத்தப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே” என்றார் பங்குத்தந்தை.

“சாமி, எனக்கு அம்பத்தெட்டு. அவுகளுக்கு அறுபது. இல்லாத பிள்ளைகளுக்கு எப்படி சாமி வாக்குக் குடுக்கறது?”

பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

பாட்டு டீச்சரிடம் இதைச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. சொன்னேன். முதலில் சத்தமாகச் சிரித்தார். பிறகு கிராம்பை வாயின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, “அடிச்சது நெசந்தான் சார். ஆனா என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிருக்கலாம்” என்றார். ஓவிய ஆசிரியர் கதவருகில் நின்றிருந்தார். அன்று மாலையே புதிய படிவத்தை வாங்கி, முழுவதையும் வாய்விட்டு வாசித்து, எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கோப்பு மறுபடி போனது. கிறிஸ்துமஸ் விடுமுறை குறுக்கே வந்தது. நினைவூட்டு எழுதினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டும் எழுதினேன். டீச்சரின் ஓய்வு நாள் எந்த அனுமதிக்கும் காத்திருக்காமல் வந்தது. வழியனுப்பு விழாவில் ஓவிய ஆசிரியர்தான் மேடைக்கு அவர் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டினார். டீச்சர் மேடையேறும்போது நிமிர்ந்து பார்த்தார். எந்த எழுத்தும் சாய்ந்திருக்கவில்லை போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் தம்பியின் தேங்காய் வண்டி வந்து கட்டில், பெட்டி, கீபோர்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. செம்பட்டியில் அவர் சபைக் கோயிலில் கீபோர்டு வாசிக்க ஆள் இல்லாததால், போன முதல் ஞாயிறே அவரை உட்கார வைத்துவிட்டார்களாம்.

அதன் பிறகு ஓவிய ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் முதல் பூசையை முடித்துவிட்டு பஸ் ஏறிச் செம்பட்டிக்குப் போனார். அங்கே ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் தம்பி வாசலில் நிறுத்திக் கேட்டாராம்.

“சார், இம்புட்டு தூரம் வாரீகளே. ஒங்க ஊருல கோயில் இல்லையா?”

“இருக்கு. அங்க முடிச்சிட்டுத்தான் வாரேன்.”

தம்பி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “வந்துட்டீக. சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் பெருசா ஒண்ணும் இல்ல. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். அடுத்தடுத்த வாரங்களில் வெஞ்சனம் மேம்பட்டது என்று கேள்வி. ஆனால் மாடி அறைக்கு ஜன்னல் திரைகளும் புதிதாக வந்தன. அதையும் ஓவிய ஆசிரியர்தான் என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை காலைகளில் என் மேசை முன் வந்து நிற்பார். “பதில் வந்துச்சா சார்?” வரவில்லை என்பேன். தலையாட்டிவிட்டு, மண்சட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார்.

பதில் சாம்பல் புதனன்று வந்தது. காலைப் பூசை முடிந்து எல்லாரும் நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்திருந்தார்கள். எனக்குத் தனியாகப் பூசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, என்னுடையது வழக்கமான திருநீறு. உறையைப் பிரித்தேன். அனுமதி அளிக்கப்படுகிறது என்று ஒரே வரி. முத்திரை சரி, கையொப்பம் சரி, நாள் சரி. அந்த நாள்தான் இடித்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம், எங்கள் ஊரில் அப்போது கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஓவிய ஆசிரியர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “நீங்களே சொல்லிருங்க சார்” என்று போனை என் கையில் கொடுத்தார்.

பாட்டு டீச்சரிடம் அனுமதி வந்ததைச் சொன்னேன். தவக்காலத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது.

“கல்யாணந்தானே சார் வைக்கக் கூடாது. ஓலை வாசிக்கலாமுல்ல?”

யோசித்தேன். அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத விதி இருக்கும் என்றும் தோன்றவில்லை. வாசிக்கலாம் என்றேன்.

“ரெண்டு கோயில்லயுமா?”

“ரெண்டு கோயில்லயும்.”

“அப்ப வார ஞாயித்துக்கெழமைக்குக் கீபோர்டுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லணும் சார்” என்றார். “நான் பெஞ்சுல உக்காந்து கேக்கப் போறேன்.”