சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

பெரம்பலூரில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். வாயாடி, பிடிவாதக்காரி என்று இரண்டு பெயரும் எனக்கு உண்டு. இரண்டையும் நான் மறுத்ததில்லை.

அன்று காலை முதல் ஆபரேஷன் செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த வயதான வெங்காய விவசாயிக்கு. சின்ன வயதிலேயே மாடு முட்டி ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணில் புரை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்பினார்கள். எங்களிடம் இருக்கும் மைக்ராஸ்கோப் மாடலில் சிலவற்றைக் கம்பெனி திரும்பப் பெறுகிறது. மைக்ராஸ்கோப்பை நோயாளியின் கண்ணுக்கு மேலே தாங்கி நிற்கும் இரும்புக் கையின் பூட்டு நழுவி, தலைப்பகுதி கீழே விழக்கூடுமாம். இந்த எண்ணுள்ளவற்றை உடனே நிறுத்துங்கள் என்று கீழே ஒரு பட்டியல். டாக்டர் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

“நம்ம நம்பர் இதுல இல்ல. பேஷண்ட்ட உள்ள கூப்பிடுங்க சிஸ்டர்” என்றார்.

ஆனால் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதியது நான். மெஷினைப் பார்த்து எழுதவில்லை, பில்லைப் பார்த்து எழுதினேன். மெஷினில் எண் பொறித்த தகடு தூணின் பின்பக்கம் இருக்கிறது. பளபளவென்று இருந்த இடம் அது ஒன்றுதான் என்பதால், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதன் மேல்தான் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். துடைக்க வந்த ஆயாம்மாவையும் விரட்டியிருக்கிறேன்.

“ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு மண்டியிட்டேன். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். எண் தெரிந்தது. பதிவேட்டில் இருந்த எண் அல்ல அது. பட்டியலில் நான்காவதாக இருந்த எண்.

“பில்லுல வேற நம்பர் போட்டிருக்கே?” டாக்டரால் நம்ப முடியவில்லை.

“ஒண்ணுக்கு பில்லு போட்டு இன்னொண்ண எறக்கிட்டுப் போயிருக்காங்க சார். அவரு கண்ணுக்கு மேல நிக்கப்போறது பில்லு இல்லீங்க, இதுதான்.”

ஆபரேஷன் நின்றது. பெரியவர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். “தெனம் பஸ் ஏறி வர்றதுக்கு எனக்கு வேற வேல இல்லியா?” என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். தப்பில் என் பங்கையும் சொன்னேன். மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, “அப்ப சரியானதும் சொல்லுங்கம்மா, வரேன்” என்று எழுந்தார்.

மூன்றாம் நாள் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். நோயாளி தலை வைக்கும் இடத்தில் ஒரு தலையணையைப் போட்டு, மைக்ராஸ்கோப்பை மேலே உயர்த்திப் பூட்டிவிட்டு விலகி நின்றார். இரண்டு தடவை அசையாமல் நின்றது. டாக்டர் என்னைப் பார்த்தார். மூன்றாம் தடவை மொத்தத் தலையும் தொப்பென்று தலையணையில் விழுந்து புதைந்தது. நான் மட்டும் சிரித்துவிட்டேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம், வேறொன்றுமில்லை. பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

இரும்புக் கையை மாற்றிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் பழைய எண்ணை அடித்து, சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவர் சுவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். மகள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஆளைக் காணோம். இருவரும் வாசலுக்கு ஓடினோம். அவர் ரோட்டோரம் தனியாக நின்று, வருகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் வா புள்ள, நம்ம ஊரு பஸ்ஸு” என்றார்.