யோசுவா அளந்ததும் நான் அளந்ததும்

நிலம் அளக்கிறவன் வந்துபோன பிறகும் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துக் கதைத்தால், அளந்தவன் தப்பினான் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். கூடப்பிறந்தவர்களோடு ஒரு தென்னங்கன்றையாவது பங்கு போட்டுப் பார்த்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்களும் நானும் ஒரே வியாதிக்காரர்.

கல்முனையில் நிலம் அளக்கும் சேவையராக இருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் சிறிய சபைக்குப் போதகர் வராத வாரங்களில் நான்தான் பிரசங்கி. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம், இஸ்ரவேலின் கோத்திரங்களுக்கு யோசுவா தேசத்தைப் பங்கிட்ட வேதாகம அதிகாரங்களை என் தலையில் கட்டினார்கள். எல்லை இந்த மலையில் ஏறி, அந்த ஊற்றில் திரும்பி, கடலில் போய் முடிகிறது என்று பக்கம் பக்கமாகப் போகும். மற்றவர்களுக்கு வாசித்தால் நித்திரை வரும். எனக்கு அது கந்தோரில் உட்கார்ந்து எல்லை எழுதும் வேலை போலவே இருந்தது. அதே நாட்களில்தான், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் ஆதம்பாவாவின் குடும்பக் காணியும் என்னிடம் வந்து சேர்ந்தது.

மூஸா நபியிடம் போன பெண்கள்

காக்காவின் வாப்பா மௌத்தாகியிருந்தார். மூத்த பெண்கள் இருவருக்கும் உயிரோடு இருக்கும்போதே வீடும் வயலும் கொடுத்துக் கலியாணம் முடித்துவிட்டார். மிஞ்சியது ஊருக்கு மேற்கே ஒரு வயல். மூத்தவர்களும் உம்மாவும் தங்கள் பாத்தியத்தை விட்டுக்கொடுத்தபடியால் பங்காளிகள் மூன்று பேர்: ஆதம்பாவா காக்கா, தம்பி இஸ்மாலெவ்வை, கடைசித் தங்கை சபியா. வாய்க்காலை ஒட்டிய தலைக்கண்டம் சபியாவுக்கு என்று வாப்பா வாயால் சொல்லியிருந்தார், எழுதுவதற்குள் போய்விட்டார். அதை நம்பித்தான் மருதமுனையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். காணி இல்லையென்றால் காவின் என்கிற கலியாண எழுத்தும் இல்லை.

ஷரீஅத்துப்படி ஆணுக்கு இரண்டு பங்கு என்று நின்றார் காக்கா. ஆசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேருவான். பிறகு ஆயுள் முழுக்கத் தன் பெண்களுக்கு வீடும் காணியும் தேடுவான். காக்காவுக்கு மூன்றும் பெண். சமாதானமாகட்டும் என்று நான் செலொப்பியாத்தின் கதையைச் சொன்னேன்: ஆண்வாரிசு இல்லாமல் இறந்த தகப்பனின் ஐந்து பெண்கள் மோசே முன்னால், அவர்கள் சொல்லும் மூஸா நபி முன்னால், போய் நின்று, தகப்பனின் பேரில் காணி கேட்டு வாங்கிய கதை. வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்த உம்மா நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கா மூஸா நபிட்டப் போன? எங்கட ஊரில பொம்புளப் புள்ளைகள் கேக்கவே தேவல்ல சேவையர், மாப்புள ஊட்டார் கேப்பாங்க!”

சீட்டு விழுந்த விதம்

அதற்கு எல்லாரும் சிரித்த சிரிப்போடு மூன்றும் சரிபங்கு என்று காக்கா இறங்கி வந்தார். ஆனால் எந்தப் பங்கு யாருக்கு? வாப்பாவின் வாய்ச்சொல்லுக்கு எழுத்து இல்லை. செயின் பிடித்து மூன்றையும் ஒரே அளவாக வெட்டிவிடலாம். ஒரே தரமான வயலாக ஆக்க முடியாது. தலைக்கண்டத்துக்குத் தண்ணீர் முதலில் வரும். நடுவுக்கு மிச்சம் வரும். கடைக்கண்டத்துக்குப் பேச்சு மட்டும் வரும்.

யோசுவா சீட்டுப் போட்டுத்தான் பங்கிட்டார் என்றேன். மனிதன் தீர்மானிக்காத இடத்தில் மனிதன்மேல் கோபப்பட வழியில்லை என்று முந்தின ஞாயிறுதான் அழகாகப் பிரசங்கித்திருந்தேன். அவர்களுக்கும் அது மார்க்கத்தில் சரியான வழிதான். பிஸ்மி சொல்லி உம்மா சீட்டெடுத்தார். தலை காக்காவுக்கு. நடு இஸ்மாலெவ்வைக்கு. கடை சபியாவுக்கு.

இப்படிச் செய்துவிட்டீரே ஆண்டவரே என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன். உம்மா சீட்டைத் திரும்பக் குலுக்கக் கை நீட்டியபோது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து சபியாவின் குரல் வந்தது. “விழுந்தத மாத்த வேணாம் உம்மா. காக்காவுக்கும் பொம்புளப் புள்ளைகள் இரிக்கி.”

மாப்பிள்ளையின் மாமா

மாப்பிள்ளைக்குத் தாய்மாமா ஒருவர், பழுத்த வேளாண்மைக்காரர். காணி பார்க்க வந்தார். கடைக்கண்டத்தில் இறங்கி, காற்பெருவிரலால் மண்ணைக் கிண்டிப் பார்த்தார். வாய்க்கால் பக்கம் பார்த்தார். பிறகு நான் ஏதோ அந்த மண்ணைப் படைத்தவன் மாதிரி என்னைப் பார்த்தார்.

அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். பிளானை விரித்தும் காட்டினேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார். எங்கள் ஊரில் கலியாணப் பேச்சில் அந்த வார்த்தை வந்தால் பந்தல்காரனுக்கு வேறு வேலை தேடச் சொல்லலாம். சைக்கிளில் ஏறும்போது அவர் சொன்னது: “மாரியில தோணி விடலாம், கோடையில பந்தடிக்கலாம். வேளாம மட்டும்தான் செய்யேலா.”

காணியில்லாத கோத்திரம்

எல்லைக்கல் நட்ட நாள் எங்கள் எல்லாருக்கும் முகம் செத்திருந்தது. தண்ணீர்ப் பங்கைக் கவனிக்கும் வட்டைவிதானை மட்டும் பேச்சுக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கிற உங்களுக்குக் காணி எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். லேவி கோத்திரத்துக்கும் தேசத்தில் பங்கு இல்லை, கடவுளே அவர்களுக்குப் பங்கு என்று கொஞ்சம் பெருமையாகவே எடுத்துச் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார்: “அப்ப அவங்களுக்கு வரம்புச் சண்டையும் இல்லயே. குடுத்து வெச்ச ஆக்கள்.”

வரம்பில் மண்வெட்டி

அடுத்த ஞாயிறு என் பிரசங்கம் யோர்தான் ஓரத்துப் பீடத்தைப் பற்றியது. பங்கு பிரித்து முடிந்த கையோடு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் குடியேறிய கோத்திரத்தார் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டினார்கள். கடவுளுக்குத் துரோகம் என்று மற்றவர்கள் சண்டைக்குத் திரண்டார்கள். நல்லவேளையாக முதலில் ஆளனுப்பிக் கேட்டார்கள். நாங்களும் உங்கள் ஆட்கள்தான் என்பதை நாளை பிள்ளைகள் மறந்துவிடாதிருக்கக் கட்டினோம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் இஸ்மாலெவ்வை வாசலில் நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தது. “காக்கா வரம்ப வெட்டுறாராம், ஆள் வந்து சொன்ன. தலையும் அவருக்கு, இனி என்ட தண்ணியும் அவருக்கா?” சைக்கிளின் பின்னால் மண்வெட்டி கட்டியிருந்தது. அது மண் வெட்டுவதற்குக் கொண்டுவந்தது போலத் தெரியவில்லை. முதலில் கேள், பிறகு உன் இஷ்டம் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே நானும் மிதித்தேன்.

போனால் காக்கா வெட்டியது வரம்பை இல்லை. பக்க வரம்பை ஒட்டித் தன்னுடைய தலைக்கண்டத்துக்குள்ளேயே மேலிருந்து கீழ்வரை ஒரு வாய்க்கால் இழுத்திருந்தார். சபியாவின் கண்டத்துக்கு நேரே தண்ணீர் போக. “உன்ட கண்டத்திலயும் இந்தளவு வெட்டணும் தம்பி. கேக்க வந்தன், நீ ஊட்டில இல்ல” என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. இஸ்மாலெவ்வை சைக்கிளிலிருந்து மண்வெட்டியை அவிழ்த்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வெட்டத் தொடங்கினான். நான் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே விளங்கவில்லை; அத்தனை நிம்மதி.

கடைக்கண்டத்தின் வெள்ளம் வடிந்தோடவும் ஒரு வழி வெட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, மாப்பிள்ளையின் மாமாவை மறுபடி கூட்டிவந்தார்கள். அவர் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். காவினுக்கு நாள் பார்க்கலாம் என்றார். பிறகு, தலைக்கண்டம் சீட்டில் உங்களுக்கு விழுந்ததுதானே, அதில் இவ்வளவு நிலத்தை ஏன் இழந்தீர்கள் என்று காக்காவிடம் கேட்டார். காக்கா சொன்ன பதில்: “சீட்டுக் காணிக்கித்தான் போட்ட மச்சான், தண்ணிக்கிப் போடல்ல. தண்ணி முதல்ல தங்கச்சிக்கிப் போகட்டும்.”

இத்தனை கோத்திரத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகும் யோசுவா நூற்றுப்பத்து வயதுவரை இருந்தார் என்பதுதான், எரிகோவின் மதில் விழுந்ததைவிடப் பெரிய அற்புதம் என்று நான் சத்தியம் செய்வேன்.