என் பேரில் ஒரு காகிதம்

சும்மா நிலம் கொடுக்கிற மனிதனை நான் நம்புவதில்லை. இது எனக்கு அப்பாவின் கட்டைவிரலிலிருந்து வந்த குணம். திருவள்ளூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நஞ்சையை, "சாட்சிக்கு ஒரு கைநாட்டு வை" என்று சொல்லியே ஒரு பங்காளி கிரயம் எழுதி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எழுத்தில் இல்லாததை நான் நம்பியதில்லை. எழுத்தில் இருந்தாலும் இரண்டு தடவை படிப்பேன்.

இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர், அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் திருநின்றவூர் வாடகை வீட்டுக்கு வந்து, பட்டணத்துக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு பெரியவர் தன் நிலத்தில் ஒரு பகுதியை டிரஸ்ட்டாக எழுதி வைத்திருக்கிறாராம். ஏழு குடும்பங்கள் அங்கே கூடி வாழப் போகின்றனவாம். சேர்ந்து உழுவது, ஒரே சமையல். வீடு கட்டிக்கொள்ளலாம், பிள்ளைகள் காலம்வரை இருக்கலாம். ஆனால் நிலத்தை யாரும் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது.

"பட்டா யாரு பேர்ல?" என்றேன்.

"டிரஸ்ட் பேர்ல."

"டிரஸ்ட்டுன்னா யாரு?"

"நம்ம எல்லாருந்தான்."

"எல்லாரும்னா யாருமே இல்லன்னு அர்த்தம்."

ரிசைன் கடிதம் கொடுத்தாகிவிட்டது. மூட்டை கட்டினேன், வேறு என்ன செய்ய?

பெரியவர் நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். நல்லவராகத்தான் பேசுவார், அதுவும் நிறையப் பேசுவார். "காத்துக்கு யாராவது பட்டா வாங்குறோமா? நெலமும் அப்படித்தாம்மா" என்பார். "காத்து மேல யாரும் மணிலாக் கடலை போடறதில்லீங்களே, ஐயா" என்றேன் ஒருமுறை. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் டிரஸ்ட் பத்திரம் அவர் அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. எல்லாம் பொது என்பவருக்குச் சாவி மட்டும் எதற்கு?

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவர். "எங்க ஏரில மொற வெச்சித்தான் வல போடுவோம். இன்னிக்கு எனக்கு, நாளிக்கு உனுக்கு. எவங்கையிலயும் சாவி கெடையாது" என்று சமையல் கொட்டகையில் சத்தம் போட்டார். பெரியவருக்கும் அவருக்கும் அன்று முதல் ஆகாது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிதான் அங்கே எனக்கு இருந்த ஒரே தோழி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மணிலா களை எடுக்கும்போது பக்கத்துப் பக்கத்து வரிசை பிடித்துக்கொள்வோம். என் மகளுக்கு அம்மை போட்டபோது, பயப்படாமல் வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்தி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் கையால் மண் குழைத்துக் கட்டிய அந்த வீட்டிலிருந்து யாரும் எங்களை எழுப்பிவிட முடியாது என்று, என் பேரில் ஒரு காகிதம்.

ஒருநாள் துணிந்து பெரியவரிடம் பத்திரத்தைக் கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார், அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பதினேழு பக்கம். 'மேற்படியார்', 'ஷை சொத்து' என்று பத்திரத் தமிழ். அவர் வேறு என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றியது. படித்துவிட்டதுபோல் மடித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போது நில உச்சவரம்புச் சட்டம் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. தர்ம டிரஸ்ட் நிலத்தை அரசாங்கம் எடுக்காது என்பதால், அளவுக்கு மேல் வைத்திருந்தவர்கள் பள்ளிக்கூடத்தின் பேரிலும் கோயில் மாட்டின் பேரிலும் டிரஸ்ட் எழுதினார்கள். திடீர் தர்மப் பிரபுக்களுக்குக் குறைவே இல்லை. எங்கள் பெரியவருக்கோ பொன்னேரிப் பக்கம் வேறு நிலமும் இருந்தது. எழுபதுகள் பிறந்து கொஞ்ச நாளில், ரோட்டோரம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. நிலம் பார்க்க ஒரு ஜீப் வந்து நின்றது. பெரியவர் அந்த ஆட்களோடு வரப்பிலேயே நடந்து நடந்து பேசினார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் எல்லோரும் வயலில் இருந்த நேரம், உடம்பு சரியில்லை என்று வீட்டில் தங்கி, இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். இந்த டிரஸ்ட் பினாமி, ஏழு குடும்பம் ஏமாறுகிறது, அரசாங்கம் பத்திரத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். தாலுகா ஆபீசுக்கு விலாசம் எழுதி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரை நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். தப்புச் செய்கிறேன் என்று தோன்றவே இல்லை. கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம், மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அதிகாரி ஒருவர் வந்தார். எங்களைச் சமையல் கொட்டகையில் உட்காரவைத்துப் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து, ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, "இது யாரு?" என்றார். என் பேர்.

ஏழு வீட்டுக்கும் பெண்கள் பேரில்தான் உரிமை எழுதியிருந்தது. ஆயுள்வரை, அவளுக்குப் பின் அவள் பிள்ளைகளுக்கு.

"ஆம்பள கோச்சிக்கினு போய்ட்டாலும் குடும்பம் தெருவுல நிக்கக் கூடாதில்ல?" என்றார் பெரியவர்.

"ஏன் முன்னாடியே சொல்லல, ஐயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சொல்லியிருந்தா உங்கள்ல ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்."

நான் கேட்ட காகிதம் என் பேரிலேயே இருந்தது, சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் அடுத்த பக்கம்வரைகூட நிற்கவில்லை. அதிகாரி பத்திரத்தை மூடிவைத்துச் சொன்னார்: "இப்படிப் பேர் பேரா எழுதிட்டதால இது பொது தர்மம் ஆகாது. தனியார் டிரஸ்ட். சலுகை கெடையாது. இந்த நெலம் பெரியவர் கணக்குல சேரும். மேல எழுதுறேன்."

பன்னிரண்டாம் பக்கம்வரை நான் படித்திருந்தால் கடுதாசி எழுதியிருக்க மாட்டேன். அதே சமயம், பெரியவர் அந்தப் பேர்களை எங்களுக்காக எழுதினாரா, உச்சவரம்புக்குப் பயந்து நிலத்தைப் பல பேருக்குப் பிரித்துக் காட்ட எழுதினாரா என்ற சந்தேகமும் இன்றுவரை எனக்குப் போகவில்லை.

அதிகாரி போன மறுநிமிடமே, யார் எழுதிப் போட்டது என்ற பேச்சு ஆரம்பித்தது. ஒருவரும் பேர் சொல்லவில்லை, எல்லோரும் ஒரே வீட்டைப் பார்த்தார்கள். சாவியைப் பற்றிச் சத்தம் போட்டது யார்? பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போனது. களை எடுக்கும்போது அவள் வரிசைக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டார்கள். நான் மட்டும் பக்கத்திலேயே குந்தினேன். வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை பெரியவர் அறைவரை போனேன், தண்ணீர்ப் பானை காலியா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவ்வளவு கோழை நான்.

உத்தரவு வர ஆறு மாதம் ஆனது. கிணற்றையும் எங்கள் வீட்டையும் சேர்த்து நிலத்தில் பெரும்பகுதி உபரி, அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று வந்தது. அன்று ஆண்கள் நாலைந்து பேர் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். "நாங்க எய்தலபா, எம் புள்ள மேல ஆண" என்று அந்த மனிதர் கத்தியது என் அடுப்படிவரை கேட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். வலையும் பாத்திரங்களும் ஒரே மூட்டையில். பஸ் ரோடுவரை கூட நடந்து போனது நான் ஒருத்திதான். அங்கே வைத்தாவது சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் போனேன். வழியெல்லாம் முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவள் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் எங்க மேலயே சந்தேகப்பட்டாங்க. நீ ஒருத்திதாங்க்கா ஒரு நாளும் படல. நா சாவற வரிக்கும் இத்த மறக்க மாட்டேன்."