முன்னால் ஒரு கியர், பின்னால் நாலு

என் காதுகுத்துக்கு மாமா சீர்த்தட்டுகளை டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அந்த ஒரு தம்பிதான். அப்பாவின் அக்காவான அத்தை அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் அந்த பஸ்ஸை மறந்ததில்லை. "இன்னாம்மா, தட்டுக்கெல்லாம் கண்டக்டரு லக்கேஜ் போட்டாரா?" என்று பந்தியில் வைத்தே கேட்பாள். அம்மா சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியோடு நகர்ந்துவிடுவாள். அப்பா இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மாமாவிடம் அவருக்குப் பேச்சு கம்மி. உருப்படாத ஆள் என்று ஓர் எண்ணம்.

அக்கா வயதுக்கு வந்ததும், இந்த முறை சீர் சொந்தக் காரில் வரும் என்று மாமா சொல்லியனுப்பினார். வாங்கப்போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ வடக்கனந்தலில் தன் வீட்டுக் கொட்டகையில் செய்துகொண்டிருந்தார். செல்போனில் பார்த்த ஒரு வெளிநாட்டுப் பந்தயக் காரைப் போலவே, இரும்புக் குழாயிலும் தகரத்திலும். சிவப்புப் பெயின்ட் அடித்து, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இருக்கை இரண்டுதான். சீர்த்தட்டுகள் எங்கே உட்காரும் என்று மாமா யோசித்ததாகத் தெரியவில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் என்ஜின் இறக்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். மாமாவுக்குப் போர்வெல் மோட்டார் தூக்குவது தொழில். அதற்கு வைத்திருந்த மூன்று கால் இரும்புக் கம்பத்தைக் கொட்டகையில் நிறுத்தி, ஒரு பழைய காரின் என்ஜினைக் கியர் பெட்டியோடு சங்கிலியில் தொங்கவிட்டார். பழைய காரில் அது முன்பக்கம் இருந்தது. பந்தயக் காருக்குப் பின்பக்கம் இருக்க வேண்டுமாம். சைலன்சர் குழாய் இருக்கையில் இடித்தது. மாமா கொஞ்சமும் யோசிக்காமல் என்ஜினை முன்பின்னாகத் திருப்பி இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. சூடம் காட்டி, என்னையும் கும்பிடச் சொன்னார்.

மறுநாள் காலை சீர். அன்று சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் போய் மரவள்ளிக் கொல்லையில் ஏறியது. இரண்டாவதைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் மெல்ல முன்னால் நகர்ந்தது. என்ஜினைத் திருப்பி வைத்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம்தான் சுற்றும் என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கழற்றி மாட்ட நேரமில்லை. மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே வெகுநேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "முன்னாடி போவுதில்ல? அது போதும். நீ மூச்சு வுடாத," என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது. மாமா வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் தட்டேந்தி இரண்டு பக்கமும் நடக்க, நடுவில் கார் தேர் மாதிரி ஊர்ந்தது. அதற்குமேல் போகச் சொன்னாலும் அதனால் முடியாது. அத்தை வாசலுக்கு வந்து பார்த்தாள். "பந்தயக் காரு வச்சிக்கினு இன்னா பணிவா வர்றாரு பாரு!" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மா மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு ஆரத்தித் தட்டோடு வந்தாள். அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து மாமா கிளம்பும்போது குட்டு வெளிப்பட்டது. காருக்கு விளக்கு இல்லை. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும்; வந்த மாதிரி ஊர்ந்து போனால் ஆகாது. வேறு வழியில்லாமல் முதல் கியரைப் போட்டுப் பின்னாலேயே கிளம்பினார். "இன்னாடி இது, வண்டி பின்னாலயே போவுது!" என்று அத்தை ஆரம்பித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

அப்போது அப்பா தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு ஓடினார். காருக்குப் பின்னால் போய் நின்று, ஆடுகளை விரட்டி, எதிரே வந்த வண்டியை நிறுத்தி, "வர்ட்டும், வர்ட்டும்! லெப்டுல ஒடி மச்சான், லெப்டுல ஒடி!" என்று கத்திக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் ஓடினார். அத்தை விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். தம்பி மானம் போயிற்றே என்று அழுகிறாள் என நினைத்து, அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அன்றுவரை அப்பா அவள் தம்பியை வாசல்வரைகூட வழியனுப்பியதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.